தூக்கியெறிந்த இரண்டாம் பாகம்

தியேட்டரில் அவளுக்கு வைத்த பெயர் சீச்சீ அக்கா. கூடப் பெருக்குகிற இரண்டு பெண்கள்தான் முதலில் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பிறகு டிக்கெட் கிழிப்பவர், கேன்டீன்காரர், கடைசியில் மேனேஜர் வரைக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. காட்சி முடிந்ததும் கதவைத் திறந்து விளக்கைப் போட்டு அரங்கை ஒரு பார்வை பார்ப்பாள். "சீ" என்பாள். இரண்டு வரிசை இறங்கி நாற்காலிக்கு அடியில் குனிவாள். "சீச்சீ" என்பாள். அதற்கு அப்புறம்தான் துடைப்பத்தில் கை வைப்பாள்.

அழுக்கைக் கண்டு அருவருக்கிற ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். கல்யாணமான புதிதிலிருந்து முழங்கால் வலி வரும்வரை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். அங்கே அவள் அள்ளாததில்லை, துடைக்காததில்லை. ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. "நோயாளி என்ன, வேணும்னேவா வாந்தி எடுக்கறான்? முடியலை, எடுக்கறான். துடைச்சுட்டுப் போனா ஆச்சு" என்பாள். வேண்டுமென்றே செய்கிற அசிங்கம்தான் அவளுக்கு ஆகாது. அப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து, மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தை ஓட்டுகிற தியேட்டரில் விட்டது யார் செய்த பாவமோ தெரியாது.

படத்தின் பெயர் 'பிணங்களின் கச்சேரி'. பழைய படம். சவப்பெட்டி செய்கிறவர் வீட்டில் செத்தவர்கள் எல்லாம் எழுந்து ஆடிப்பாடுகிற கதை. வந்த காலத்தில் ஓடாமல், பிறகு எப்படியோ ஒரு கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. கூட்டம் என்றால் லேசுப்பட்ட கூட்டம் இல்லை. முகத்தில் வெள்ளைப் பவுடர், தலையில் விக், உடம்பில் கிழிந்த சட்டை. படத்தில் பிணங்கள் எழுந்தால் இவர்கள் மைதா மாவை வாரி இறைப்பார்கள். மாப்பிள்ளை வந்தால் பச்சை முட்டை பறக்கும். கத்திக்குத்துக் காட்சிக்குச் சிவப்புச் சாயத் தண்ணீர். எந்த இடத்தில் எதை எறிய வேண்டும், எந்த வசனத்துக்கு என்ன பதில் கத்த வேண்டும் என்று எல்லோருக்கும் மனப்பாடம். மாவும் முட்டையும் சாயமும் ஒன்றாகச் சேர்ந்து நாற்காலித் துணியில் காய்ந்தால் என்ன ஆகும் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. அது சீச்சீ அக்காவின் நகங்களுக்குத் தெரியும்.

"படிச்சவங்கதான் எல்லாரும். வீட்ல போய் அவங்கவங்க சோபா மேல முட்டையை உடைக்க வேண்டியதுதானே" என்று ஒருமுறை மேனேஜரிடம் கேட்டாள்.

"நமக்கு அரங்கு நிறையற ஒரே காட்சி அதுதான், அக்கா. கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றார் அவர். பொறுத்துக்கொள்வதற்கு அவர் முட்டியா மடங்குகிறது.

கடைசிப் பாட்டில் சவப்பெட்டி மூடிகள் பறக்கும். அப்போது இவர்கள் எறிவது டிவிடி. அந்தப் படத்தை டிவிடியாகப் போட்ட கம்பெனி, கூடவே அதன் இரண்டாம் பாகத்தையும் அதே பெட்டியில் இலவசமாகத் திணித்திருந்தது. 'கச்சேரிக்குப் பிறகு' என்று பெயர். வந்த வேகத்தில் சுருண்ட படம். யாருக்கும் வேண்டாம். முதல் டிவிடியை வீட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டு, இரண்டாவதைக் கொண்டுவந்து திரையை நோக்கிச் சுழற்றி விடுவார்கள். அதற்கு ஒரு கைதட்டல் வேறு.

சீச்சீ அக்கா அவற்றைக் குப்பையோடு குப்பையாக அள்ளித்தான் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தடவை, முட்டை வழிய வழிய ஒன்று கையில் வந்தபோது, என்ன தோன்றியதோ, அலசித் துடைத்து வீட்டுக்கு எடுத்துப்போனாள். இந்தப் பைத்தியங்களே வேண்டாம் என்று தூக்கியெறிகிற படம் என்றால் அது நல்ல படமாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு.

கணக்குத் தப்பவில்லை. இரண்டாம் பாகத்தில் அதே பிணங்கள், ஆனால் ஆட்டம் ஓய்ந்துவிட்டது. சவப்பெட்டிக்காரர் வீட்டை இடித்துவிட்டார்கள். திரும்பிப் படுக்கக் குழியில்லை. செத்தவர்கள் எல்லாம் ஊருக்குள் வந்து ஆளுக்கொரு வேலை தேடிக்கொள்கிறார்கள். ஒருவர் பஸ் டிப்போவில் காவல், ஒருத்தி ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறாள். மாலையில் எல்லோரும் ஒரே அறைக்குத் திரும்பி, செருப்பைக் கழற்றிவிட்டு, தாழ்ந்த குரலில் பாடுகிறார்கள். ஒருவரும் யாரையும் குத்துவதில்லை. அவளுக்கு அது அப்படியே நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு சினிமா தன்னைத் தேடி வந்து பேசும் என்று அவள் அதுவரை நினைத்ததில்லை.

ஒரு தொல்லைதான். எறிந்த டிவிடி சுவரில் மோதி, நாற்காலிக்கடியில் மிதிபட்டுக் கீறியிருக்கும். பாதிப் படத்தில் உருவங்கள் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். அவள் விடவில்லை. அடுத்தடுத்த மாதக் குப்பையில் தேடினாள். முதல் பகுதி நன்றாக ஓடுகிற ஒன்று, நடுப்பகுதிக்கு ஒன்று, கடைசிக்கு ஒன்று என்று மூன்றைப் பொறுக்கி, மேலே பேனாவால் எண் போட்டு வைத்தாள். விடுமுறை நாளில் மதியம் சாப்பிட்டதும் உட்கார்வாள். ஒன்று நின்றதும் எழுந்து அடுத்ததை மாற்றுவாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து முதல் டிவிடி முடிவதற்குள் குறட்டை விடுவார். அதுவும் அவளுக்கு வசதிதான்.

இப்படி இருந்தவள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது ஒரு விக்கினால். கடைசி ஞாயிறு முடிந்த மறுநாள், விக்கைத் தொலைத்த ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். வரி ஆபீசில் வேலை, தொப்பை, வழுக்கை, காதோரம் இன்னும் போகாத வெள்ளைப் பவுடர். அவள் வரிசைக்கு நடுவே மண்டியிட்டுச் சாயத்தைச் சுரண்டிக்கொண்டு ஏதோ முனகிக்கொண்டிருந்தாள். அவர் நின்று கேட்டார்.

"என்ன பாட்டு அது, அக்கா? எங்க படத்துப் பாட்டு மாதிரி இருக்கு. ஆனா இல்லையே."

"நீங்க தூக்கி எறிஞ்ச படத்துப் பாட்டு" என்றாள்.

"இரண்டாம் பாகமா? அது வெறும் குப்பையாச்சே."

"பார்த்தீங்களா?"

அவர் விழித்தார். பார்த்ததில்லை.

"பார்க்காமயே குப்பைங்கறீங்க. குப்பை எதுன்னு எங்கிட்ட கேளுங்க, நான் சொல்றேன்" என்று ஆரம்பித்தாள். அத்தனை மாத எரிச்சலும் சேர்ந்து வந்தது. முதல் படம் வெறும் இரைச்சல் என்றாள். இரண்டாவதில் ஒரு பாட்டு உண்டு என்றாள். செத்துப்போன கல்யாணப் பெண் பெட்டிக்குள் தன்மேல் போர்த்தியிருந்த துணியைத் தானே துவைப்பாள். வாத்தியமே கிடையாது, துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம்தான் தாளம். பாதியில் பாட்டை நிறுத்திவிட்டுத் துணியை விரித்துப் பார்ப்பாள். கறை அப்படியே இருக்கும். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு மறுபடி துவைக்க ஆரம்பிப்பாள்.

"அந்த இடத்துல நான் மனசுக்குள்ள சொல்லிக்குவேன், 'இன்னும் போகல'ன்னு. அவளும் அதைத்தான் நினைக்கறா. வெளியில சொல்ல மாட்டா" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே கூச்சமாகிவிட்டது. கட்டின புருஷனிடம்கூடச் சொல்லாத விஷயம் அது.

வரி ஆபீஸ்காரர் விக்கை மறந்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டாள். அவர் யாரிடமோ அந்த டிவிடியை வாங்கிப்போய்ப் பார்த்தாராம், அழுதாராம். கூட்டத்துக்கெல்லாம் செல்போனில் எழுதினாராம். மாதக்கணக்காகத் தூக்கியெறிந்தவர்கள் இப்போது ஒருவரிடம் ஒருவர் அந்த டிவிடி கிடைக்குமா என்று அலைந்தார்களாம். அடுத்த மாதக் கடைசி ஞாயிற்றில் ஒரு டிவிடிகூடப் பறக்கவில்லை. கொஞ்ச நாளில் வாசலில் போஸ்டர் ஒட்டினார்கள்: 'கச்சேரிக்குப் பிறகு', ஞாயிறு பகல் காட்சி, பெரிய திரையில்.

அவள் போஸ்டர் முன்னால் வாளியோடு நின்றாள். மூன்று டிவிடியை மாற்றி மாற்றிப் பார்த்த படத்தை ஒரே மூச்சில், எழுந்திருக்காமல், சுவர் அளவுக்குப் பெரிதாகப் பார்க்கலாம். அந்தத் துணி துவைக்கிற சத்தம் அரங்கு முழுக்கக் கேட்கும். அவள் ஆசைப்பட்டு எதையும் கேட்கிறவள் இல்லை. இதற்கு மட்டும் நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

"அன்னிக்கு எனக்கு லீவு வேணும். நான் படம் பார்க்கப் போறேன். யாரும் எதையும் எறியக் கூடாதுன்னு ஒரு போர்டு வெச்சிருங்க."

மேனேஜர் சிரித்தார். "இந்தப் படத்துக்கு எதை எறியறதுன்னே யாருக்கும் தெரியாது, அக்கா. நிம்மதியா போய் உட்காருங்க."

அவள் நம்பினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விசேஷத்துக்கு மட்டும் எடுக்கிற உடுப்பை உடுத்தி, கணவரையும் இழுத்துக்கொண்டு போனாள். நடு வரிசை. உட்காருவதற்கு முன் பழக்க தோஷத்தில் நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டாள். கூட்டம் பவுடர் பூசித்தான் வந்திருந்தது, ஆனால் கையில் மாவு இல்லை, முட்டை இல்லை. எல்லோர் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் பை மட்டும் இருந்தது. தின்பண்டம் என்று நினைத்தாள். படம் ஆரம்பித்தது. பஸ் டிப்போ வந்தது, ஓட்டல் வந்தது, செருப்பைக் கழற்றிவிடுகிற காட்சி வந்தது. ஒருவரும் மூச்சு விடவில்லை. கணவர்கூடத் தூங்கவில்லை. இவ்வளவு நாள் இவர்களைத் திட்டியது தப்போ என்றுகூட அவளுக்குத் தோன்றிவிட்டது.

பாட்டு வந்தது. கல்லில் துணி விழுகிற சத்தம் அடிவயிற்றில் வந்து இடித்தது. செத்த பெண் பாட்டை நிறுத்தினாள். துணியை விரித்தாள். கறை, அரங்கு அகலத்துக்கு.

"இன்னும் போகல" என்று அரங்கு முழுக்க ஒரே குரலில் அலறியது. 'ல'வை இழுத்து, ராகம் போட்டு அலறியது. பைகள் திறந்தன. சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்ட கந்தல் துணிகள் சொத் சொத்தென்று பறந்தன. ஒன்று திரையில் அப்பி, மெல்ல வழுக்கி இறங்கியது. ஒன்று அவள் தோளில் விழுந்தது. யார் வீட்டுப் பழைய பனியனோ. நுரை முதுகுக்குள் ஓடியது. மறுபடி துவைக்கிற சத்தம் தொடங்கியதை யாரும் கேட்கவில்லை, கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் அத்தனை வருஷம் வராத குமட்டல் அன்றைக்கு வந்தது.

விளக்கு எரிந்ததும் வரி ஆபீஸ்காரர் வரிசைகளைத் தாண்டிக் குதித்துக்கொண்டு வந்தார். கண்ணீர் வழிந்து பவுடரில் கோடு விழுந்திருந்தது.

"கேட்டீங்களா, அக்கா? உங்க வரிதான். நான்தான் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன். நாலு தடவை ஒத்திகை பார்த்தோம். இனிமே மாசாமாசம் இதுவும் உண்டு."

"அழுதீங்களா?"

"அழாம எப்படிக்கா. ஒவ்வொரு தடவையும் அழறேன்."

"அழுதவர் ஏன் எறிஞ்சீங்க?"

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "பிடிச்சிருக்குன்னு வேற எப்படிக்கா காட்டறது?" என்றார்.

அவரைத் திட்டுவதற்கு அவளிடம் சொற்கள் நிறையவே இருந்தன. ஆனால் அந்த முகத்தில் பொய் இல்லை. பொய் இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். தோளிலிருந்த பனியனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். கூட வேலை பார்க்கிற பெண்கள் இரண்டு பேரும் கதவருகில் வாளியோடு வந்து நின்று தலையில் அடித்துக்கொண்டார்கள். ஊறிய துணி, வழுக்குகிற தரை, நுரை குடித்த நாற்காலிகள். லீவாவது ஒன்றாவது என்று உடுப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் குனிந்தாள். கணவர் ஒரு வாளியை வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு துணியையும் பிழியும்போது, இந்த வாய் சும்மா இருந்திருக்கலாம் என்று தன்னையே வைதுகொண்டாள்.

அடுத்த விடுமுறை நாளில் மதியம் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல முதல் டிவிடியைப் போட்டாள். அது நின்றதும் இரண்டாவதை மாற்றினாள். கணவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலைச் சாத்தினாள். பாட்டு வந்தது. செத்த பெண் நிறுத்தினாள், துணியை விரித்தாள்.

"இன்னும் போகல" என்று சீச்சீ அக்கா கத்தினாள். 'ல'வை இழுத்து, அவர்கள் போட்ட அதே ராகத்தில், தொண்டை கிழிய.

கணவர் திடுக்கிட்டு எழுந்தார். "என்னம்மா ஆச்சு?"

அவள் ரிமோட்டை எடுத்துப் பாட்டைப் பின்னால் ஓட்டினாள். இந்தத் தடவை ஒரு கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். துணி கல்லில் விழுந்தது, நின்றது. அவளுக்குக் கேட்டதெல்லாம் அந்தக் கூட்டம்தான்.