பாவைத் தாண்டாத ஜீப்

ஆறு மனு எழுதினேன். ஆறுக்கும் நகராட்சி அலுவலகத்தில் முத்திரை போட்டு வாங்கிக்கொண்டார்கள். முத்திரை மட்டும் அழகாக விழும்.

விஷயம் இதுதான். எங்கள் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டால் கழிவுநீர் நேராக எதிர்வீட்டு அக்காவின் தறிக்குழியில் போய் இறங்கும். அவர் வீடு தெருவின் தாழ்ந்த முனையில் இருக்கிறது. குழிக்குள் காலை விட்டு மிதித்தால்தான் தறி ஓடும். அக்காவுக்கு விரலிடுக்கெல்லாம் புண். அது ஆறுவதற்குள் மறுபடி தண்ணீர். இன்னொரு தடவை வந்தால் தறியைப் பிரித்துவிட்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏழாவது மனுவில் கையெழுத்து வாங்கப் போனேன். அக்கா காலுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"காகிதத்த எல்லாரும் தாண்டிப் போறாங்க பா. நாளைக்கு என் பாவ நீட்டலாம். அத எவன் தாண்டறான்னு பாக்கலாம்."

பாவு நீட்டுவது எங்களுக்குத் தினப்படி வேலை. சேலைக்கான நீள இழைகளைத் தெரு நெடுக இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து, கஞ்சி தடவிச் சுருட்டுவோம். வண்டிகள் வருமுன் முடித்துவிடுவது வழக்கம். மறுநாள் பள்ளி வேன் போனதும், வேண்டுமென்றே ஒன்பது மணிக்குத் தொடங்கினோம். சாக்கடையைக் கவனிக்க வேண்டிய அதிகாரியின் ஜீப் அந்த நேரத்தில்தான் எங்கள் தெரு வழியாகப் போகும்.

ஜரிகை வியாபாரம் செய்யும் பாய் தெருமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற பைக்கையெல்லாம் சுற்றிக்கொண்டு போகச் சொன்னார். யாரும் சண்டைக்கு வரவில்லை. எங்கள் ஊரில் பாவு நீட்டியிருந்தால் மாடுகூட நின்று யோசிக்கும்.

ஜீப் வந்தது. அதிகாரி சின்ன வயதுக்காரர், வேலைக்குப் புதிது. இறங்கி, எப்போது முடியும் என்று மரியாதையாகவே கேட்டார். அவசரப்பட்டால் இழை போய்விடும், கொஞ்சம் ஓரமாக நில்லுங்கள் என்றார் அக்கா. ஓரம் என்றால் சாக்கடை.

அரைமணி நேரம் நின்றார். எங்களுக்கோ கோபம், மனுஷன் சாக்கடையைப் பற்றி வாயைத் திறக்கவில்லையே என்று. பிறகுதான் உறைத்தது, இது மறியல் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை. நான் சொல்வேன் என்று பாய் இருந்திருக்கிறார், பாய் சொல்வார் என்று நான்.

கடைசியில் அவரே மூக்கைப் பொத்திக்கொண்டு, இந்த நாற்றம் தினமுமா என்று கேட்டார்.

அக்கா உள்ளே கூட்டிப்போய்க் குழியைக் காட்டினார். உட்கார்ந்து நெய்வது எப்படி என்று அவர் கேட்க, அக்கா சொல்லிக் காட்டினார். குழியில் இறங்கிப் பார்க்க அதிகாரி ஷூவைக் கழற்றப் போனார்.

"வேணாம் சார். உங்களுக்கும் புண்ணு வந்துடும்."

அவர் அங்கேயே நின்று போன் போட்டார். சாயந்தரம் லாரி வந்து அடைப்பை எடுத்தது. ஆனால் அடைப்புக்குக் காரணமான உடைந்த குழாயை மாற்ற இன்னும் மூன்று தடவை பாவு நீட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் வேறு வீட்டுப் பாவு. தண்ணீர் எட்டாத மேட்டு வீட்டுக்காரர்களும் முறை கேட்டு வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் முதல் வேலையாக, இது மறியல் என்று சத்தமாகச் சொல்லிவிட்டோம்.

குழி காய்ந்து, புண் ஆறி, அக்கா மறுபடி தறியில் உட்கார்ந்த அன்று, பாய் வாசலில் நின்று குழி இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

"சில்லுனு இருக்குது பாய்," என்றார் அக்கா. "ஆனா இது காஞ்ச சில்லு."