சாமி வராத முதல் பாதி

யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷங்களில் நான் சூரமங்கலத்தில் ரயில்வே சரக்கு ஆபீஸ் குமாஸ்தா. வாரத்துக்கு ஒரு படம் பார்ப்பேன். சினிமாப் பைத்தியம் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். என் அறையில் மூட்டைப்பூச்சி, கொட்டகையிலும் மூட்டைப்பூச்சி. கொட்டகையில் கடிபட்டால் பாட்டாவது கேட்கலாம். எனக்கும் கலைக்கும் இருந்த சம்பந்தம் அவ்வளவுதான்.

ஆனால் அபிப்பிராயத்துக்கு மட்டும் என்னிடம் பஞ்சமே இருந்ததில்லை. ஒரு படத்தில் ராஜகுமாரனைத் தூக்குமேடைக்கு இழுத்துப் போனார்கள். அவன் நடுவழியில் நின்று நாலு சரணம் பாடினான். காவலாளிகள் ஈட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்கள். அதில் ஒருவன் கொட்டாவி விட்டான். படத்திலேயே உண்மையாக நடித்தவன் அவன் ஒருவன்தான் என்பது என் தீர்ப்பு. இன்னொன்றில் ஏர் உழுகிறவராக வந்தவர் வேட்டி மடிப்புக் கலையாமல் உழுதார். மேழியை ஏதோ கைத்தடி என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. மாடுகள் மட்டும் நல்ல மாடுகள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போவேன். மல்லூருக்குத் தெற்கே, நாமக்கல் சாலையை விட்டு உள்ளே தள்ளி எங்கள் காடு. சோளமும் நிலக்கடலையும் போட்டிருந்தோம். வீட்டில் அப்பா, அம்மா, அக்கா. அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். கல்யாணமாகி இரண்டாம் வருஷமே வெள்ளைச் சேலையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். கல்யாணம், காட்சி, கூத்து, நாடகம் எதற்கும் அவள் போகக்கூடாது. கோயிலுக்கு மட்டும் போகலாம்.

பேசும்படம் வந்ததும் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் தானாக உண்டாயிற்று. சாமி படம் என்றால் அது சினிமா அல்ல, கோயில். அன்றைக்குத் தலைக்கு ஊற்றிக்கொள்வார்கள், கவுச்சி தொடமாட்டார்கள், தேங்காயும் கற்பூரமும் கூடையில் வைத்துக்கொண்டு வண்டி ஏறுவார்கள். திரையில் சாமி தோன்றியதும் தட்டில் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைப்பார்கள். கொட்டகை ஆள் ஒரு வாளித் தண்ணீரோடு பக்கத்திலேயே நிற்பான். ஆகவே சாமி படத்துக்கு அக்காவும் வரலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். எது சாமி படம் என்று பார்த்துச் சொல்லும் உத்தியோகம் எனக்கு வந்து சேர்ந்தது.

"ஏப்பா, சாமி படமா அது?" என்பார் அப்பா.

நானும் ஐகோர்ட் ஜட்ஜ் மாதிரி தொண்டையைச் செருமிக்கொள்வேன். "பேருக்குத்தானுங்க சாமி. கடைசியில கொஞ்ச நேரம் வந்துட்டுப் போறாரு. மீதி பூரா டான்ஸும் கோமாளி ஆட்டமுமுங்க. வண்டி பூட்டற அளவுக்கு அதுல ஒண்ணுமில்லீங்க."

"செரி, உடு" என்று அப்பா எழுந்து போய்விடுவார். இப்படி நாலு படம். நாலும் சாமி பெயர் போட்ட படங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுகிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. அதன்பிறகு அக்கா கடலை உரித்துக்கொண்டே என்னிடம் கதை கேட்பாள். அவள் கேட்கும் கேள்விகளே தனி. காட்டுக்கு ஓட்டப்பட்ட ராணி எங்கே படுத்தாள், மாற்றுச் சேலைக்கு என்ன செய்தாள் என்பாள். படம் எடுத்தவர்களே யோசித்திருக்கமாட்டார்கள் என்று நான் சிரிப்பேன்.

நாலாவது படத்தைத் தள்ளிவிட்ட அன்றைக்கு எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள், "தம்பி, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள்.

"கேளுக்கா."

"உனக்குப் படம் நல்லா இல்லைன்னா அடுத்த வாரம் வேற படம் பாப்ப. நீ அப்பாகிட்ட நல்லா இல்லைன்னு சொன்னா எனக்கு அதோட தீந்துது. நான் ஒரே ஒருக்கா பாத்தாப் போதும் கண்ணு. நல்லா இல்லாத படமா இருந்தாலும் பரவால்லை."

அவள் அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. அப்பா கேட்டதற்கெல்லாம் நான் விமரிசனம் செய்துகொண்டிருந்திருக்கிறேன். அவர் கேட்டது அக்கா வரலாமா என்பதை மட்டும். மூளை என்று ஒன்று இருப்பவனுக்கு இது முதல் படத்திலேயே உறைத்திருக்கும்.

அடுத்த வாரம் சேலத்தில் புதுப் படத்துக்குத் தப்பட்டை அடித்து நோட்டீஸ் கொடுத்தார்கள். நோட்டீசில் மயில், வேல், முருகன். எனக்கு அது போதும். படத்தைப் பார்க்கவில்லை. நேரே ஊருக்குப் போய், "பாத்தாச்சுங்கப்பா, படம் பூரா சாமிதானுங்க" என்றேன். அப்பா என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்கு வண்டி பூட்டச் சொன்னார்.

விடிவதற்குள் அக்கா தலைக்கு ஊற்றிக்கொண்டு விட்டாள். தேங்காயைக் கூடையில் வைக்கவில்லை, வழி நெடுக மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். கொட்டகையில் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள். அப்பாவும் நானும் இந்தப் பக்கம் உட்கார்ந்தோம்.

படம் ஓடியது. ஒரு வீடு, கொல்லையில் வறண்ட கிணறு. மருமகளாக வந்தவள் தண்ணீருக்கு ஊரெல்லாம் குடத்தோடு அலைகிறாள். அடுத்த வீட்டுக் கிணற்றில் இறைக்கப் போனால் விரட்டுகிறார்கள். கிணற்றடியில் நட்டிருந்த கல்லைப் பார்த்து, என் கிணற்றில் தண்ணீர் ஊறவேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று பாடினாள். பாட்டு நீளம். கல்லாக இருந்ததால் சாமி உட்கார்ந்து கேட்டது என்று நினைத்தேன். பிறகு புருஷன் ஒரு தாசி வீட்டுக்குப் போனான். அங்கே டான்ஸ் தொடங்கியது. அது முடிந்து இன்னொரு டான்ஸ். மயிலையும் காணோம், வேலையும் காணோம்.

ரீல் மாற்ற விளக்குப் போட்டார்கள். அப்பா எழுந்து தடுப்போரம் போனார். அம்மாவைப் பார்த்து, "எந்திரிங்க, போலாம்" என்றார்.

"இனிமேதானுங்க சாமி வரும்" என்றேன்.

"நீதானே படம் பூரா சாமின்னே?"

எழுந்து வந்த அக்கா வாசலில் ஒரு தரம் நின்று திரையைத் திரும்பிப் பார்த்தாள். அது வெறும் வெள்ளையாக இருந்தது. தேங்காய் முழுசாகவே வீடு திரும்பியது. மறுநாள் காலையில் அம்மா அதைச் சட்னி அரைத்துவிட்டாள்.

அந்த வாரமே நான் போய் முதலிலிருந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். கண் கொட்டாமல் பார்த்த ஒரே படம் அதுதான். நாங்கள் எழுந்து வந்த இடத்துக்கு அப்புறம் இன்னும் ஒரு டான்ஸ், ஒரு கோமாளிச் சண்டை. அது முடிந்ததும் சாமி வந்துவிட்டார். வந்தவர் முக்கால் மணி நேரம் போகவே இல்லை. கொட்டகை முழுக்கக் கற்பூரப் புகை. அப்பா இன்னும் கால் மணி நேரம் பொறுத்திருந்தால் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை ஊருக்குப் போனதும் அப்பாவிடம் சொன்னேன். "பிற்பாதி முச்சூடும் சாமிதானுங்கப்பா. இந்தத் தடவை நெசமாலுமே பாத்தேனுங்க."

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் தலையைத் திருப்பவில்லை. "அன்னிக்கும் பாத்தாச்சுன்னுதானே சொன்னே" என்றார். அதன்பிறகு எந்தப் படத்தைப் பற்றியும் அவர் என்னைக் கேட்டதில்லை. சினிமாவுக்கு எங்கள் வீட்டில் வண்டி பூட்டவும் இல்லை.

அக்கா கடலையோடு உட்கார்ந்திருந்தாள். நான் போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"மீதி பாத்தியா?" என்றாள். "சாமி வந்துச்சா?"

"வந்துச்சுக்கா. முக்கா மணி நேரம்."

ஒன்றுவிடாமல் சொன்னேன். கல் வெடித்தது, மயில் பறந்தது, சாமி தாசியைக் கிழவியாக்கியது, புருஷன் விழுந்தடித்து ஓடிவந்து காலில் விழுந்தது, பூமாரி பொழிந்தது, மங்களம் பாடியது. இவ்வளவு சிரத்தையாக நான் யாருக்கும் கதை சொன்னதில்லை. அவள் குறுக்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முடித்ததும்தான் கேட்டாள்.

"கெணத்துல தண்ணி வந்துச்சா?"

நான் யோசித்துப் பார்த்தேன். "அதைக் காட்டலக்கா."

"அவ தண்ணிதானே கேட்டா? புருசனைக் கேக்கவே இல்லையே."

முறத்தில் கிடந்த தொலியை ஊதித் தள்ளிவிட்டு, "படம் நல்லா இல்லை தம்பி" என்றாள்.