வளையத்தைப் பார்க்காத பயிற்சியாளர்

என் தங்கையின் கணவர் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஆனதற்கு ஒரு கதவுதான் காரணம்.

அப்போது அவர் ஒரு மகளிர் கல்லூரியின் நூலகத்தில் உதவியாளராக இருந்தார். மேல்தட்டுப் புத்தகத்தை நின்ற இடத்திலிருந்தே எடுத்துத் தரக்கூடிய உயரம். மாணவிகள் அவருக்கு ‘ஏணி சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருந்தவர், போட்டிகள் தொடங்கவிருந்த வேளையில் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். அன்றைய முதல்வர் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, ஏதோ ஒரு கையெழுத்துக்காக எங்கள் மாப்பிள்ளை அவருடைய அறைக்குள் நுழைந்தார்.

“நீங்க கூடைப்பந்து ஆடியிருக்கீங்கதானே?” என்று முதல்வர் கேட்டார்.

கதவு நிலையில் இடித்துக்கொள்ளாமல் இருப்பதற்காக மாப்பிள்ளை தலையைக் குனிந்தார். முதல்வர் அதை ‘ஆம்’ என்று எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை நிமிர்ந்தபோது அவருடைய கழுத்தில் விசில் தொங்கியது. உண்மையைச் சொல்ல அவர் வாயைத் திறக்கத்தான் செய்தார். ஆனால் முதல்வர் அதற்குள் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருந்தார். விட்ட மூச்சைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாப்பிள்ளைக்கு மனம் வரவில்லை.

அதுவரையில் அவர் எந்தப் பந்தையும் தொட்டவரல்லர். பள்ளியில்கூட, குழுப்படத்தின் பின்வரிசையை நிரப்புவதற்கு மட்டுமே விளையாட்டு ஆசிரியர் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்.

நூலகத்து மனிதரல்லவா? அந்த ஆட்டத்தைப் பற்றிய புத்தகங்களையெல்லாம் வீட்டுக்கு எடுத்துவந்து வாசித்தார். சாப்பாட்டு மேசையில் உப்பு, மிளகுச் சிமிழ்களை ஆட்டக்காரர்களாக நிறுத்தி நகர்த்தினார். என் தங்கை உப்பைக் கேட்டால், “இரு, அது இப்பத்தான் தனியா நிக்குது” என்பார். எல்லாவற்றையும் கற்றுத் தேர்ந்த பிறகு, யாருமில்லாத ஒரு காலை நேரத்தில் ஆடுகளத்துக்குப் போய், பந்தை வளையத்தை நோக்கி எறிந்து பார்த்தார். பந்து பலகையில் பட்டது, வளையத்தில் பட்டது, பிறகு அவருடைய மூக்குக்கண்ணாடியில் பட்டது.

“கதவுல இடிச்சுக்கிட்டேன்” என்று வீட்டில் சொன்னார். கதவுகளில் இடித்துக்கொள்வது அவருடைய வழக்கமாதலால், என் தங்கை நம்பிவிட்டாள்.

அன்றோடு அவர் பந்து எறிவதை விட்டார். எறியாமலேயே கற்றுக்கொடுத்தார். அவருடைய பயிற்சியின் முதல் பாடமும் கடைசிப் பாடமும் ஒன்றுதான்: “பந்து கையில வந்ததும் வளையத்தப் பாக்காதே. யாரு தனியா நிக்கிறாங்கன்னு பாரு. அவங்களுக்குக் குடு.” இதற்கு ஒரு துணைப்பாடமும் உண்டு. எறிந்த பந்து வளையத்தில் விழாமல் போனால், அவர் “பந்து!” என்று ஒரு சத்தம் போடுவார். அது காதில் விழுந்தவர்கள் எல்லாரும், எங்கிருந்தாலும், அதை நோக்கி ஓட வேண்டும். வீட்டில் மேசையிலிருந்து வெங்காயம் உருண்டாலும் இதே சத்தந்தான். தங்கையும் அவளுடைய மகளும் ஆளுக்கொரு பக்கம் ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

இந்தப் பாடங்களால் குழு வென்றது உண்டு, தோற்றதும் உண்டு, தோற்றதே அதிகம். ஒரு போட்டியின் இறுதி நிமிடத்தில் ஐந்து பெண்களும் ஒருவருக்கொருவர் பந்தைக் கொடுத்துக்கொண்டே இருந்து, எறிய மறந்து தோற்றார்கள். அழுதுகொண்டே திரும்பியவர்களிடம், “எவ்வளவு அழகா குடுத்தீங்க, தெரியுமா!” என்று அவர் மனமாரச் சொன்னார். ஒரே ஒரு முறை கோப்பை கிடைத்தது. அதை நூலகத்தின் மேல்தட்டில் வைத்தார். அவரைத் தவிர யாராலும் அதைத் துடைக்க முடியவில்லை.

பயிற்சியின்போது பந்து அவருடைய காலடிக்கு உருண்டு வந்தால், அவர் குனிந்து எடுப்பதற்குள் யாராவது ஒரு பெண் ஓடிவந்து, “குடுங்க சார், நாங்க பாத்துக்கறோம்” என்று வாங்கிக்கொள்வாள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இப்படியே நடந்தது. தம்மிடம் மாணவிகளுக்கு இருந்த மரியாதை அது என்று அவர் நினைத்திருந்தார்.

ஓய்வு பெறும் மாதம் வந்தது. வேறு கல்லூரியிலிருந்து அண்மையில் மாற்றலாகி வந்திருந்த புதிய முதல்வர், சுறுசுறுப்பான பெண்மணி, ஆசிரியர் கூட்டத்தில் அறிவித்தார்:

“விழாவ ஹால்ல வேண்டாம், கிரவுண்டுலயே வச்சுக்கலாம். பழைய பிளேயர்ஸ் எல்லாரையும் கூப்பிடறோம். அவங்க முன்னால சார் கடைசியா ஒரு பந்து போடறார். சரிதானே சார்?”

அன்று அவர் உட்கார்ந்திருந்தார். குனிவதற்கு எந்தக் கதவும் இல்லை. ‘இல்லை’ என்று தலையாட்டியிருக்கலாம்; ஆட்டவில்லை.

வீட்டுக்கு வந்து என் தங்கையிடம் உண்மையை ஒப்புக்கொண்டார். 

“அப்ப அந்தக் கண்ணாடி?”

“கதவு இல்ல.”

“புதுக் கண்ணாடிச் செலவுக்காக நான் அந்தக் கதவத் திட்டாத நாளில்ல. உடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்களேன்.”

“விடைபெறு விழாவுக்கே லீவு போடச் சொல்றியா?”

“அப்ப போட்டுத்தான் ஆகணும். வாங்க மாடிக்கு.”

மொட்டை மாடியில், துணி காயப்போடும் கம்பத்தின் உச்சியில் அழுக்குத்துணிக் கூடையைக் கட்டினாள். தினமும் விடிந்ததும் அவர் எறிவார். பந்து தண்ணீர்த் தொட்டியில் படும். பக்கத்து வீட்டுச் செடிகளில் விழும். கூடையின் கீழே நின்று பந்தைப் பொறுக்குவது என் தங்கையின் வேலை. பொறுக்கிய பந்தை, வாளித் தண்ணீரை வீசுவதைப் போல, இரண்டு கைகளாலும் கீழிருந்து மேலே வீசுவாள். அது தவறாமல் கூடைக்குள் விழும்.

“எப்படிம்மா போடறே?”

“கல்யாணமானதுலேருந்து உங்க சட்டைய இப்படித்தான் கூடையில போடறேன். நீங்க ஒரு நாளாவது போட்டிருந்தா உங்களுக்கும் வந்திருக்கும்.”

விழாவுக்கு முந்தைய நாள் குழுவின் கேப்டன் வீட்டுக்கு வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, “சார், நாளைக்கு உங்களுக்குக் கை சுளுக்கிக்கிச்சுன்னா…” என்று இழுத்தாள்.

“ஏம்மா சுளுக்கணும்?”

“சும்மா, ஒரு பேச்சுக்கு சார்.”

மறுநாள் மாலை ஆடுகளம் நிறைந்திருந்தது. பல் மருத்துவரானவள், வங்கி மேலாளரானவள், இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி என்று பழைய ஆட்டக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய முதல் குழுவில் ஆடிய வக்கீல், நீதிமன்றத்திலிருந்து கறுப்பு அங்கியோடு நேராக வந்திருந்தாள். தங்கையும் நானும் முன்வரிசையில் இருந்தோம். பந்து வைக்கும் அறையின் சாவியைக் காணவில்லை என்று கேப்டன் அறிவித்தாள். அவளுடைய முகத்தில் வருத்தத்தின் சாயல்கூட இல்லை.

“கவலப்படாதீங்க, நான் புதுசாவே ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கேன்” என்று முதல்வர் நாடா கட்டிய பந்தை எடுத்தார். கேப்டன் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை வளையத்துக்கு எதிரே வரைந்திருந்த கோட்டில் போய் நின்றார். என்னருகில் இருந்த நாற்காலி திடீரென்று காலியானதைக் கவனித்தேன். மொட்டை மாடிப் பழக்கத்தில், பந்தைப் பொறுக்குவதற்காக என் தங்கை எழுந்துபோய் வளையத்தின் கீழே நின்றிருந்தாள். அவர் வளையத்தைப் பார்க்கவில்லை. பழக்கந்தான். யார் தனியாக நிற்கிறார்கள் என்று பார்த்தார், தங்கை நின்றாள், பந்தைக் கொடுத்துவிட்டார். அவளும் அழுக்குச் சட்டையை வீசுவதைப் போல வீசினாள். பந்து வலையை உரசிக்கொண்டு உள்ளே விழுந்தது.

கூட்டம் ஆர்ப்பரித்தது. முதல்வரும் கைதட்டினார். பிறகு, “பிரமாதம்! இப்ப சார் போடுவார்” என்றார்.

“வேண்டாம் மேடம்!” என்று கேப்டன் கத்திவிட்டாள். “சாருக்குப் போட வராது!”



“உனக்கு யாரும்மா சொன்னாங்க?” என்று மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்.

“சீனியர் அக்கா சொன்னாங்க சார். குழுவுல சேர்ந்த அன்னிக்கே சொல்லிடுவாங்க. சார் கையில பந்து போகக் கூடாது, போனா உடனே வாங்கிடணும்னு.”

அவள் சொன்ன சீனியர் திரும்பிப் பல் மருத்துவரைப் பார்த்தாள். பல் மருத்துவர் வங்கி மேலாளரைப் பார்த்தாள். பார்வை வரிசை வரிசையாகப் பின்னுக்குப் போய் வக்கீலிடம் நின்றது. அவள் அங்கியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

“அன்னிக்குக் காலையில நீங்க தனியாப் போட்டுப் பாத்தப்ப, நாங்க பந்து ரூம் ஜன்னல்ல நின்னுட்டிருந்தோம் சார். கண்ணாடி உடைஞ்சதையும் பாத்தோம்.”

“பாத்துட்டும் ஏன் யாருகிட்டயும் சொல்லலை?”

“உங்களுக்கு முன்னால இருந்தவர் நல்லாப் போடுவார் சார். நாள் பூராவும் அவரேதான் போடுவார். எங்க கைக்குப் பந்து வந்ததே நீங்க வந்தப்புறந்தான். உங்கள மாத்திட்டா எங்க கதி என்ன ஆகறது?”

மாப்பிள்ளை விசிலைக் கழற்றினார், மறுபடியும் மாட்டிக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்து, பந்தை வாங்கிக்கொண்டார்.

“இத பத்திரமா வச்சுக்கோ. இனிமே மறைக்க என்ன இருக்கு? ஒரு தடவ போட்டுடறேன்.”

எறிந்தார். பந்து பலகைக்கு மேலே பறந்து, விளக்குக் கம்பத்தில் மோதித் திரும்பி, முதல்வரின் மடியில் போய் விழுந்தது. கண்ணாடி இல்லாத அவருக்கு அது எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் பார்வையாளர் வரிசைகளிலிருந்து “பந்து!” என்று ஒரே குரலாக எழுந்தது. பல் மருத்துவர் செருப்பை உதறிவிட்டு ஓடினாள். வக்கீலின் அங்கி காற்றில் விரிந்தது. குழந்தைக்காரி குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுப் பாய்ந்தாள்.

“ஐயோ! நான் என்ன பண்ணணும்?” என்று முதல்வர் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறினார்.

“வளையத்தப் பாக்காதீங்க மேடம்!” என்று மாப்பிள்ளை குரல் வந்த திசைக்குக் கத்தினார். “யாரு தனியா நிக்கிறாங்கன்னு பாருங்க! அவங்களுக்குக் குடுங்க!”

முதல்வர் பார்த்தார். எல்லாரும் அவரை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தார்கள். ஆடுகளத்தில் தனியாக நின்றவர் ஒருவர்தான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்ற அந்த உயரமான மனிதர். முதல்வர் கண்ணை மூடிக்கொண்டு பந்தை வீசினார். அது நேராக வந்து மாப்பிள்ளையின் நெஞ்சில் மோதி, அவருடைய கைகளிலேயே தங்கியது.

எங்கிருந்தோ கேப்டன் மூச்சிரைக்க ஓடிவந்து கையை நீட்டினாள்.

“குடுங்க சார், நாங்க பாத்துக்கறோம்.”

அவர் கொடுத்தார்.