வலிக்காத குட்டு

வெள்ளைக்காரன் காலம், ஜெர்மன்காரனோடு சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். பென்னாகரத்துப் பக்கம் எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் நாலாவது படித்தேன். அதோடு நின்றுவிட்டேன். எழுதிப் பழக்கமில்லாதவள், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது ஒரு வழக்கம். வாத்தியார் வாய்ப்பாடு கேட்பார். தெரியாமல் நிற்பவர் தலையில், சரியாகச் சொன்னவர் குட்ட வேண்டும். நான் யாரோடும் பேசாத பிள்ளை. வாய்ப்பாடு மட்டும் தலைகீழாகச் சொல்வேன். அதனால் குட்டுகிற வேலை அநேகமாக எனக்குத்தான்.

என் பக்கத்தில் உட்காருகிற பெண், ஆடு மேய்க்கிற குடும்பம். வூட்டில் கன்னடம் பேசுவார்கள். ஒருநாள் "எட்டேழு?" என்றதற்கு "ஐவத்தாறு" என்றாள். வகுப்பே சிரித்தது. பின்னாலிருந்து பையன்கள் "மே... மே..." என்று ஆடு மாதிரி கத்தினார்கள். "தமிழ்ல சொல்லு" என்றார் வாத்தியார். அவளுக்கு வரவில்லை. அதே விடையை நான் தமிழில் சொல்லிவிட்டு, அவள் தலையில் குட்டினேன்.

முதலில் மெதுவாகத்தான். "என்ன, பேன் பார்க்கறியா? நல்லா போடு" என்றார் வாத்தியார். மறுபடி எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த தடவை பலமாகப் போட்டேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, போகப்போக எனக்கு அது பிடித்தும் போனது. அவள் பதில் சொல்வதையே விட்டுவிட்டாள்.

ராகி அறுப்புக்குப் பத்து நாள் நின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். அதற்குள் பதிமூணாம் வாய்ப்பாடு நடந்திருந்தது. "பதிமூணெட்டு?" என்று என்னைக் கேட்டார். முழித்தேன். அவளைக் கேட்டார்.

"நூத்தி நாலுங்க."

சுத்தமான தமிழ்.

"விடாதடி! வாங்கினதை எல்லாம் திருப்பிக் குடு!" என்று பையன்கள் கத்தினார்கள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். அவள் இடது கை வந்து என் உச்சந்தலையைப் பிடித்தது. 'டொக்' என்று சத்தம். வலிக்கவில்லை. இன்னொன்று. அதுவும் வலிக்கவில்லை. தலையைப் பிடிக்கிற மாதிரி வைத்த தன் கை மேலேயே அவள் குட்டிக்கொண்டிருந்தாள்.

மணியடித்த பிறகு பார்த்தேன், அவள் விரலெல்லாம் சிவந்து வீங்கியிருந்தது. "ஏன்டி?" என்றேன்.

"தலைல பட்டா எப்படி நோவும்னு எனக்குத் தெரியாதா?" என்றவள், ஆட்டுக்குத் தழை ஒடிக்க ஓடிவிட்டாள்.

அடுத்து அவளைக் குட்ட வேண்டி வந்தபோது நானும் இடது கையை வைத்துக்கொண்டேன். இத்தனை நாள் எவ்வளவு பலமாகப் போட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

மன்னிச்சுக்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவேயில்லை. மழை இல்லாத வருஷம், அவர்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வேறு சீமைக்குப் போய்விட்டார்கள்.

இப்பவும் கோபத்தில் யார் மேலாவது கை ஓங்கினால், அந்தச் சின்னக் கை என் உச்சந்தலையில் இருக்கிற மாதிரியே தோன்றும். ஓங்கின கை தானாக இறங்கிவிடும்.