பட்டாளத்தாருக்கு இரண்டு நிமிடம்

ஆசிரியத் தொழிலில் படிப்பிப்பது சின்ன வேலை; மேலிடம் சொன்னதைச் செய்துவிட்டோம் என்று காட்டுவதுதான் பெரிய வேலை. வெண்கட்டி பிடித்த எவருக்கும் இதை நான் விளக்கத் தேவையில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் பரந்தனுக்கு அப்பால் ஒரு குடியேற்றத்திட்டப் பள்ளிக்கூடத்தில் நான் உதவி ஆசிரியனாக இருந்தேன். கிடுகுக் கூரை, அரைச்சுவர், எல்லா வகுப்புக்கும் ஒரே மண்டபம். அங்கே ஒரு நவம்பர் மாதம் பட்டதை, என்னைப்போல் பட்டவர்களின் ஆறுதலுக்காகச் சொல்கிறேன்.

சுற்றுநிருபம்

உலகப் போரில் சேவை செய்தவர்களைப் பற்றி மாணவருக்குப் படிப்பிக்க வேண்டும், நவம்பர் பதினோராம் திகதி பதினொரு மணிக்கு இரண்டு நிமிடம் மௌனமாக நிற்க வேண்டும், எல்லாரும் சிவப்புத் துணிப்பூ அணிய வேண்டும், ஊரில் பழைய படைவீரர் யாராவது இருந்தால் அவரைக் கௌரவிக்க வேண்டும் என்று கல்விக் கந்தோரிலிருந்து சுற்றுநிருபம் வந்தது. பூக்கள் தபாலில் வருமாம். பள்ளிக்கூடங்களைப் பரிசோதிக்கிற வித்தியாதரிசி நேரில் வந்து பார்ப்பாராம்.

பெரிய வாத்தியார் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் கடைசியாக வந்து சேர்ந்தவன் என்பதைவிட வேறு காரணம் அவருக்குத் தேவைப்படவில்லை. போர் நடந்தபோது நான் யாழ்ப்பாணத்தில் கூப்பன் அரிசிக்குச் சங்கக்கடை வரிசையில் நின்ற பொடியன், எனக்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அதுதான் நல்லது தம்பி. தெரிஞ்ச ஆள் எண்டால் கனக்கக் கதைப்பார். உமக்கெண்டால் நேரத்துக்கு முடியும்.”

ஒரே ஒரு நிபந்தனை

படைவீரரைத் தேடி நான் அலையவில்லை. வாய்க்கால் கடைசியில் காணி எடுத்திருந்த மயில்வாகனத்தை ஊரே ‘பட்டாளத்தார்’ என்றுதான் கூப்பிடும். காக்கிக் காற்சட்டையோடு வயலுக்குள் இறங்குகிற ஒரே ஆள் அவர்தான். நான் சைக்கிளைச் சரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். மாலை, பொன்னாடை, பேச்சு ஒன்றையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய், மனைவி அன்னலட்சுமியிடம் தேத்தண்ணி கேட்டுவிட்டு, றங்குப்பெட்டியிலிருந்து ஒரு படத்தை எடுத்து வந்தார்.

ஒரு லொறிக்கு முன்னால் இரண்டு இளந்தாரிகள் சீருடையில் நின்றார்கள். ஒருவர் இவர். மற்றவர் குருநாகல் பக்கத்துப் பியதாசா. எகிப்தில் மணல்வெளிக்குள் முகாம் முகாமாகத் தண்ணீர் கொண்டுபோன லொறி அது. ஒரு நாள் இவர் ஓட்டினால் மறுநாள் அவர் ஓட்டுவாராம். பியதாசா அங்கேயே வயிற்றோட்டத்தில் செத்துப்போனார். ஊரில் அவருக்கு இருந்தது தாய் மட்டும்தான், அவரும் பிறகு போய்விட்டார்.

“அவன்ர பேரைச் சொல்ல இப்ப என்னை விட்டால் ஆளில்லை, சேர். பிள்ளையளுக்கு முன்னால ஒருக்கா அந்தப் பேரைச் சொல்லிவிடுங்கோ. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்.”

தீர்ப்பு

பெரிய வாத்தியார் நான் சொன்னதை வழக்குக் கேட்பவர் போலக் கேட்டார். பியதாசா இந்தப் பகுதி ஆள் இல்லை என்றார். மொழிச் சண்டையில் நாடு கொதித்துக் கிடக்கிற நேரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு சிங்களப் பெயரை எடுத்தால் ஊர் ஒரு கதை கதைக்கும், வித்தியாதரிசி இன்னொரு கதை கதைப்பார் என்றார். அதையும் பொறுக்கலாமாம். அவருக்குப் பொறுக்க முடியாதது வேறொன்று.

“வீரர் எண்டால் குண்டு பட்டுச் சாகவேணும், தம்பி. வயித்தோட்டத்தை நான் என்னெண்டு மேடையில சொல்லுறது?”

இதை அப்படியே போய்ப் பட்டாளத்தாரிடம் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கு அது புதிதாகப் படவில்லை. வரம்புக்கு இன்னும் இரண்டு மண்வெட்டி மண் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“பேர் சொல்லாட்டிப் பரவாயில்லை. நீங்கள் கேட்டபடியா நான் வாறன், அந்தப் படத்தையாவது கொண்டுபோய் வையுங்கோ. முகத்தையெண்டாலும் பிள்ளையள் பாக்கட்டும்.”

துவக்கு இல்லாத வீரர்

அடுத்த நாள் ஐந்தாம் வகுப்பில் எகிப்தையும் மணலையும் தண்ணீர் லொறியையும் விவரித்தேன். தண்ணீர் வராவிட்டால் ஆயிரக்கணக்கான ஆட்கள் நா வறண்டே செத்திருப்பார்கள் என்று குரலை உயர்த்திச் சொன்னேன். எனக்கே மெய்சிலிர்த்தது. பிள்ளைகள் பட்டாளத்தார் எத்தனை பேரைச் சுட்டார் என்று கேட்டார்கள். ஒருவரையும் சுடவில்லை என்றேன். துவக்காவது வைத்திருந்தாரா என்று கேட்டார்கள். லொறி ஓட்டும்போது அது இடைஞ்சல் என்று சமாளித்தேன். வகுப்பே சோர்ந்துபோயிற்று. கடைசி வாங்கில் இருந்தவன் எழும்பினான்.

“அப்ப எங்கட அப்பாதான் சேர் பெரிய ஆள். அவர் போன கிழமையும் ஒரு காட்டுப்பண்டி சுட்டவர்.”

ஒத்திகை

பிள்ளைகளை இரண்டு நிமிடம் பேசாமல் நிறுத்திப் பார்த்தவர்களுக்கு என் துன்பம் விளங்கும். முதல் ஒத்திகையில் ஒருவன் தும்மினான், மற்றவர்கள் சிரித்தார்கள். இரண்டாவதில் ஒரு பசுக்கன்று மண்டபத்துக்குள் வந்து கரும்பலகையை நக்கியது. மூன்றாவதில் எல்லாரும் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டதில் சின்ன வகுப்புப் பிள்ளை ஒன்று மயங்கப் பார்த்தது.

இது இறந்தவர்களுக்குச் செய்கிற மரியாதை என்று நான் கடுமையாகச் சொன்னேன். நாலாம் வகுப்பு மனோன்மணி என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

“எங்கட வீடுகளில செத்தால் கத்தி அழுவினம், சேர். இப்பிடிச் சும்மா நிண்டால் செத்தவருக்கு ஒருத்தரும் இல்லையெண்டெல்லோ சனம் நினைக்கும்.”

பதினொரு மணி

அந்த நாளும் வந்தது. தபாலில் பூ வரவில்லை. சிவப்புத்தானே முக்கியம் என்று பெரிய வாத்தியார் பிள்ளைகளைச் செவ்வரத்தம்பூப் பிடுங்க அனுப்பினார். அவர்கள் ஊர் வேலிகள் எல்லாவற்றையும் மொட்டையடித்துவிட்டு வந்தார்கள். சட்டையில் குத்தியதுபோக மிஞ்சியதைப் பெரிய வகுப்புப் பெட்டைகள் மாலையாகக் கட்டினார்கள். மாலை இருக்கிறது, மேசையில் நான் கொண்டுவந்து வைத்த படமும் இருக்கிறது. வேறென்ன யோசிக்க வேண்டும்? படத்துக்கு மாலையைப் போட்டு, முன்னால் குத்துவிளக்கையும் கொளுத்திவிட்டார்கள். நான் வாசலில் வித்தியாதரிசிக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

விடிய முதலே நல்ல மழை. பட்டாளத்தாரின் வரம்பு உடைந்துவிட்டது என்றும் அடைத்துவிட்டு வருவார் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வித்தியாதரிசி மணிக்கூட்டைப் பார்த்தார். பதினொரு மணி என்றால் பதினொரு மணிதான், ஆளுக்காகக் காத்திருக்க முடியாது என்றார். மணி அடித்தது. எல்லாரும் தலையைக் குனிந்து நின்றோம். பிள்ளைகள் முதல்முறையாக அசையாமல் நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்து அன்னலட்சுமி அக்கா ஈரச் சேலையோடு மண்டபத்துக்குள் நுழைந்தார். விடியற்புறம் வெள்ளத்துக்குள் போன மனுசனை அவர் பிறகு காணவில்லை. இங்கே பார்த்தால் அவர் படத்துக்கு மாலை, முன்னால் விளக்கு, ஊரே வாய் திறக்காமல் தலைகுனிந்து நிற்கிறது. வேறு என்னத்தை நினைப்பார்? வாய்க்கால் கொண்டுபோட்டுதோ என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அவர் போட்ட சத்தம் இன்றைக்கும் என் காதில் நிற்கிறது. அரைவாசிப் பிள்ளைகளும் சேர்ந்து அழத் தொடங்கின. மனோன்மணி மட்டும், இப்போதுதான் காரியம் முறையாக நடக்கிறது என்பதுபோலத் தலையாட்டினாள்.

இடுப்புவரை சேறோடு பட்டாளத்தார் வாசலில் வந்து நின்றார். அவரைக் கண்டதும் அக்கா ஒரு நிமிடம் தூணைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்தப் பயம் முழுவதும் கோபமாகிப் பெரிய வாத்தியார் பக்கம் திரும்பியது.

“உயிரோட இருக்கிற மனுசனுக்கு மாலை போட்டு விளக்கும் கொளுத்தியிருக்கிறியள். என்ர கழுத்தில கிடக்கிற தாலிக்கொடி ஒருத்தருக்கும் தெரியேல்லையோ?”

வித்தியாதரிசி பெரிய வாத்தியாரைப் பார்த்தார். பெரிய வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் படத்தைப் பார்த்தேன். அதில் நின்றது இரண்டு பேர் என்பது பெரிய வாத்தியாருக்கு அப்போதுதான் கைகொடுத்தது. மாலை உங்கள் மனுசனுக்கு இல்லை, பக்கத்தில் நிற்கிற பியதாசாவுக்கு என்றார். அக்காவுக்குக் கேட்கவில்லை, இன்னொரு தரம் உரத்துச் சொன்னார். பியதாசா யார் என்று வித்தியாதரிசி கேட்டார். குருநாகல் பியதாசா, எகிப்தில் ஆயிரம் பேருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தான் நோயில் உயிர்விட்டவர் என்று, என்னைச் சொல்லக்கூடாதென்று தடுத்த கதையை ஒன்றும் விடாமல் மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னார். வயிற்றோட்டத்தை மட்டும் நோய் என்று மாற்றிக்கொண்டார்.

அக்கா கண்ணைத் துடைத்தார். படத்துக்குக் கிட்டப் போய், மாலையை மெல்லத் தூக்கி, புருசனின் முகத்தில் படாமல் ஓரமாக நகர்த்தினார்.

“பியதாசா அண்ணைக்கெண்டால் சரி. இந்தப் பக்கமாப் போடுங்கோ.”

பட்டாளத்தார் அதுவரை வாசலைவிட்டு அசையவில்லை. கால் சேற்றை வெளியே உதறிவிட்டு உள்ளே வந்து, மேசைக்கு முன்னால் குதிக்கால்களைச் சேர்த்து நிமிர்ந்து நின்றார். வித்தியாதரிசி பக்கம் திரும்பவே இல்லை, என்னைத்தான் கேட்டார்.

“இவ்வளவு நேரமும் நிண்டது எனக்கெல்லோ, சேர். அவனுக்கும் ஒருக்கா நிப்பமோ?”

நின்றோம், சுற்றுநிருபம் கேட்டது இரண்டு நிமிடம், எங்கள் பள்ளிக்கூடம் கொடுத்தது நாலு, அதில் முதல் இரண்டையும் உயிரோடிருந்தவருக்குச் செலவழித்ததற்கு மேலிடம் இன்றுவரை விளக்கம் கேட்கவில்லை.