பதினேழாம் பக்கத்து மம்மியும் ஹாலிஎல பயணமும்

ஊர் சுற்றும் ஆசையில் போன பயணமல்ல இது. மன்னிப்புக் கேட்கப் போனேன். எகிப்து மம்மிகளைப் பற்றிச் சிறுவர்களுக்காக நான் எழுதிய புத்தகம், இலங்கை மலையகத்தில், ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தது. சென்ற மாதம் அங்குள்ள ஆசிரியை தொலைபேசியில் பேசினார். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் தர்ஷினி, தன் தாயின் சாவீட்டில் வாய்க்கரிசி போடாமல் ஓடி ஒளிந்துகொண்டாளாம். ஏன் என்று கேட்டால் என் புத்தகத்தைக் காட்டினாளாம்.

பதினேழாம் பக்கம். உடலின் ஈரத்தை உப்பு உறிஞ்சும், பிறகு துணியால் சுற்றுவார்கள் என்று எழுதியிருந்தேன். அது உண்மை. அடுத்த வரியிலேயே, மருந்திட்ட உடலைத் தொட்டால் அது கண் திறந்து கையைப் பிடித்துக்கொள்ளும் என்றும் எழுதியிருந்தேன். அது என் சொந்தச் சரக்கு. பிள்ளைகளுக்குக் கொஞ்சம் திகில் வேண்டுமே என்று அளந்துவிட்டேன். எது கதை, எது நிஜம் என்று ஒரு குறிப்புப் போட எனக்கு என்ன கேடு!

வெளியூர் உறவுகள் வந்து சேரும்வரை தாங்கவேண்டும் என்று, தோட்டங்களில் உடலுக்கு மருந்து ஏற்றித்தான் இரண்டு மூன்று நாள் வீட்டில் வைப்பார்கள். எனக்குத் தெரியாத வழக்கமல்ல. எழுதும்போது நினைவில் வரவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை ஆறேகாலுக்குக் கொழும்பில் பஸ் ஏறி, பகல் இரண்டுக்குப் பதுளையில் இறங்கித் தங்கினேன். மறுநாள் எட்டரைக்கு ஹாலிஎல பஸ், கால் மணி நேரம். அங்கிருந்து தோட்டத்துக்கு ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்குத் தொள்ளாயிரம் ரூபாய். பாதை மோசம், முதுகு போய்விடும்.

“சொந்தக்காரங்க வீட்டுக்குங்களா?” என்றார் ஓட்டுநர்.

“இல்லைங்க. ஒரு பொய் சொல்லிட்டேன், அதைத் திருத்தப் போறேன்.”

“அடேங்கப்பா! அதுக்கு ஆட்டோ புடிச்சுப் போற மொத ஆளு நீங்கதாங்க.”

லயத்தில், அந்த வரிசை வீடுகளில் நான்காவது, தர்ஷினியின் வீடு. கருமாதியும் முடிந்திருந்தது. அவளுடைய அப்பா பிளேன்டீ கொடுத்து உட்காரவைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தலையைக் குனிந்துகொண்டார்.

“அன்னைக்கு அத்தன பேரு முன்னாடி அவள அடிச்சிட்டேங்க, சார். பெத்த தாய்க்கு ஒருபிடி அரிசி போட மாட்டியான்னு.”

அந்த அடியும் என்னால் விழுந்ததுதான்.

தர்ஷினி கதவோரம் நின்றாள். நான் கொண்டுபோன பிரதியைத் திறந்து, அந்த வரியைப் பென்சிலால் அடித்துக் காட்டினேன். “இது நான் கட்டிவிட்ட கதைம்மா. செத்தவங்க யார் கையையும் பிடிக்க மாட்டாங்க. தப்பு என்னோடதுதான், உன்னோடது இல்ல. என்னை மன்னிச்சிடும்மா.”

அவள் புத்தகத்தையே பார்த்தாள்.

“அப்ப நான் அம்மாவத் தொட்டிருக்கலாமா?”

“தொட்டிருக்கலாம்மா.”

“அரிசியும் போட்டிருக்கலாமா?”

“ஆமாம்மா.”

அவள் அழவில்லை. அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். பொய்யைத் திருத்தினால் மனம் ஆறும் என்று நம்பிப் போனவன் நான். அந்தப் பிள்ளைக்கோ, எதை இழந்தோம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அந்தப் பக்கம் போகிறவர்கள் ஆட்டோவைத் திரும்பிவரவும் பேசிக்கொள்ளுங்கள், மேலே வேறு வண்டி கிடைக்காது. குடை கட்டாயம். என் புத்தகம் உங்கள் வீட்டில் இருந்தால், பதினேழாம் பக்கத்தை இன்றே எடுத்துப் பிள்ளையோடு உட்கார்ந்து வாசியுங்கள். உங்கள் வீட்டில் ஒரு சாவு விழும்வரை காத்திருக்காதீர்கள்.