ருசி பார்க்காத முதல் கப்

தேவி, பாபு, உங்கள் நைனா இருக்கும் இந்த ஊரில் காலையில் ஒரு கப் குடிப்பதற்குக்கூட வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார்கள். போர்ச்சுகலில், தியானத்துக்கு வருகிறவர்கள் தங்கும் ஓய்வு இல்லத்தில் எனக்குச் சமையல் வேலை. இங்கே காபி, டீ கிடையாது. கொக்கோ விதையை வறுத்து அரைத்து இறுக்கிய கறுப்புக் கட்டி, பார்க்க நம்மூர்ப் பனைவெல்லம் மாதிரி இருக்கும். அதைக் கத்தியால் சீவி, கொதிக்காத சுடுநீரில் கரைத்து, பட்டைத் தூள், மிளகாய்த் தூள், ஒரு சிட்டிகை உப்பு போட்டு நுரை வரக் கடைய வேண்டும். 'செரிமோனியல் ககாவோ' என்று பெயர், சடங்குக் கொக்கோ. கப்பை நெஞ்சோடு வைத்து, மனதுக்குள் ஒரு வேண்டுதல் சொன்ன பிறகுதான் முதல் வாய். உடம்புக்கும் மனசுக்கும் நல்லதாம்.

அதைப் பார்த்ததும் எனக்கு நம் வீட்டு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. அன்று திருச்சானூர் கோவிலுக்குக் கிளம்புமுன், தாயார் படத்துக்குப் படைக்க உங்கள் அம்மா சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். பாபு, நீ விரலை விட்டு நக்கிவிட்டாய்.

"சாமிக்கு வெக்கறதுக்கு முன்னாடியே எச்சி பண்ட்டியேடா!"

"வெல்லம் கம்மியா கீதும்மா. நல்லவேள, நான் பாத்தேன்."

தேவி, உனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சிரிச்சிக்கினு நிக்கிறியே, போய் வேற பானை எட்துக்கினு வாடி!" என்று உனக்கும் திட்டு விழுந்தது. அம்மா மறுபடி உலை வைத்தாள். அதற்குள் சித்தூரில் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போய்த் திருப்பதியில் இறங்கி ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது, எச்சில் பட்ட முதல் பொங்கலை நாம் நான்கு பேரும் நின்றபடியே தின்றோம். பாபு சொன்னது சரிதான்; வெல்லம் கம்மி.

இங்கே ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் வேலை உறுதி என்று சொல்லியிருந்தார் பொறுப்பாளர் மார்த்தா. உறுதியானால்தான் இங்கே தங்கி வேலை செய்வதற்கான பேப்பர், பேப்பர் வந்தால்தான் லீவில் உங்களைப் பார்க்க வர முடியும். ஏழாம் நாள் மிளகாய்த் தூள் தீர்ந்துவிட்டது. உங்கள் அம்மா கட்டிக்கொடுத்த நம்மூர்த் தூளில் வழக்கமாகப் போடும் அதே ஒரு ஸ்பூன் போட்டேன். சித்தூர் மாம்பழக் கூழ் கம்பெனியில் ஒவ்வொரு டாங்கிலும் கரண்டி விட்டு ருசி பார்த்தவன்தான் நான். ஆனால் அது வியாபாரம், இது வேண்டுதல். எப்படி வாயில் வைப்பேன்?

வட்டத்தில் முதலில் ஒரு பெண்மணிக்குக் கண்ணீர் வந்தது. இதைக் குடித்து மனம் இளகி அழுவது இங்கே சகஜமாம். பக்கத்திலிருந்தவர் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் தடவிக்கொடுத்தவரும் அழுதார். அப்புறம் எல்லாரும் இருமினார்கள்.

மார்த்தா அடுக்களைக்கு வந்தார். "நீ ருசி பார்க்கவில்லையா?"

"இல்லை மேடம். சாமிக்கு வைப்பதை முதலில் ருசி பார்க்கக் கூடாது."

"எந்தச் சாமிக்கு?"

அரைகுறை இங்கிலீஷில் பொங்கல் கதையைச் சொன்னேன். பாபு விரல் விட்டதை நடித்துக் காட்டியபோது அவர் சிரித்துவிட்டார். "இங்கே சாமி இல்லை, பதினாலு தொண்டைதான் இருக்கிறது. நாளையிலிருந்து ருசி பார்." நாளையிலிருந்தா என்று நான் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். பேப்பரில் கையெழுத்தும் ஆகிவிட்டது.

போனில் சொன்னபோது, தேவி, நீ கேட்டாய்: "இன்னா நைனா, ஊரையே அழ வெச்சிட்டியாமே?"

ஆனால் மறுநாள் ஸ்பூனைத் தூக்கினால், கை பாதி வழியில் நின்றுவிட்டது. ஒரு கப்பில் முதலில் ஊற்றி, கிழக்கே பார்த்த ஜன்னலோரம் வைத்தேன். அதற்குப் பிறகுதான் ஸ்பூன் வாய்க்கு வந்தது. இன்றுவரை அப்படித்தான். நீங்கள் பள்ளியில் மதியச் சோற்றுக்கு உட்காரும் நேரம் அது. ருசி பார்த்து உப்பையும் காரத்தையும் சரிசெய்து, பாத்திரத்தை இவர்களிடம் கொண்டுபோகிறேன். எல்லாரும் குடித்து எழுந்த பிறகு, ஜன்னலோரத்தில் ஆறிப்போயிருக்கும் அந்தக் கப்பை எடுத்து நின்றபடியே குடிக்கிறேன். அதில் மட்டும் எதுவும் சரிசெய்யப்பட்டிருக்காது. சில நாள் உப்பு கம்மி, சில நாள் காரம் தூக்கல்.